ஆளில்லாத அறைக்கு மட்டும்

உங்கள் மேசைமேல் இருக்கிற சானிடைசரில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள், சார். நல்ல சரக்கு என்றால் கையில் பட்டதும் சில்லென்று காய்ந்துவிடும். இது வழிந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடுகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாள் முழுக்க நாலு பேர் வந்து போகிற இடம், வாங்கி வைத்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் ஆள் அனுப்பாவிட்டாலும் நானே ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன். முதலில் மாதா கோயிலுக்குத்தான் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு. அங்கே கொரோனாவுக்காகக் கூண்டை மூடிவிட்டார்கள். சாமியார் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறடி தள்ளி நின்றுதான் பாவத்தைச் சொல்ல வேண்டும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் பின்னால் வரிசையில் நிற்கிற பதினைந்து பேருக்கும் கேட்கும். பொய் சொன்னேன், பூசைக்குப் போகவில்லை என்கிற அளவில் இருந்தால் பரவாயில்லை. நான் இரண்டு முறை இருமினேன். வரிசையே விலகி வழிவிட்டது. வந்துவிட்டேன்.

என் பெயர் சவுரிராயன். வயது நாற்பத்து மூன்று. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி, 'ஆனந்தத் தீவு' என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. நீங்களும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கலாம். தீவு என்றதும் சுற்றிலும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று பக்கம் மல்லாட்டை விளைகிற கொல்லை, ஒரு பக்கம் லாரி. உள்ளே ஒரு பெரிய ராட்டினம், ஒரு டிராகன் ரயில், மோதி விளையாடும் கார்கள் எட்டு, அவற்றில் ஓடுவது ஐந்து, ஒரு குளம், ஒரு பேய் வீடு. சென்னைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். விழுப்புரத்துப் பிள்ளைகள் இங்கே வந்துவிட்டுப் போனால் ஒரு வாரத்துக்கு வகுப்பில் இதே பேச்சுதான்.

அங்கே நான் பதினோரு வருடம் பேயாக வேலை பார்த்தேன். சிரித்துக்கொள்ளுங்கள் சார், எல்லோரும் சிரிப்பதுதான். வருகைப் பதிவேட்டில்கூட என் பெயருக்கு எதிரே வேலை என்ற கட்டத்தில் 'பேய்' என்றுதான் எழுதியிருக்கும். கறுப்பு அங்கி, ரப்பர் முகமூடி, பிளாஸ்டிக் நகம். இருட்டுச் சந்தில் ஒளிந்திருந்து குதிக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் நன்றாகவே பயந்தார்கள். அப்புறம் ஸ்மார்ட்போன் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. நான் குதித்தால், "அங்கிள், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று பேயிடமே வழி கேட்டான் ஒரு பையன். ஒரு அம்மாள் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். குழந்தை என் நகத்தைப் பிடித்துச் சப்பியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

லாக்டவுனில் ஒன்பது மாதம் பூங்கா மூடிக் கிடந்தது. முதலாளி ஜெகதீசன் விழுப்புரத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர், நல்ல மனிதர். வேலையில் இருந்த எல்லோருக்கும் மாதா மாதம் அரிசி அனுப்பினார். போன டிசம்பரில் திறக்கலாம் என்று ஆனதும் கிறிஸ்துமஸ் கூட்டத்தை விடக் கூடாது என்று அவசரப்பட்டார். எப்படித் திறக்க வேண்டும் என்ற விதிமுறைத் தாளை அவருக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூடின கட்டடத்துக்குள் நடக்கிற விளையாட்டு எதுவும் கூடாது. அதாவது பேய் வீடு கிடையாது. அதாவது நான் கிடையாது.

ஆனால் அதே தாளில் இன்னும் இரண்டு வரி இருந்தது. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். காய்ச்சலோடு யாராவது வந்தால் தனியாக வைக்க ஒரு அறை இருக்க வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார், பேய் வீட்டைப் பார்த்தார்.

"ரெண்டும் சும்மாதானப்பா கெடக்குது," என்றார்.

அப்படித்தான் நான் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். ஆரஞ்சு மேல்சட்டை, கழுத்தில் அட்டை, கையில் நெற்றிக்கு நேரே காட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. விளையாட்டாக எடுத்துக்கொண்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆறடிக்கு ஒரு வட்டம் வீதம் முந்நூற்றுப் பத்து வட்டம் என் கையாலேயே வரைந்தேன். டிராகன் ரயிலில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் குறுக்கே டேப் ஒட்டினேன். பேய் வீட்டில் இருந்த எலும்புக்கூடுகளைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டு ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ப் பானை வைத்தேன். 'தனிமைப்படுத்தும் அறை' என்று போர்டு எழுதி, பழைய போர்டின் மேலேயே மாட்டினேன். பழைய போர்டில் இருந்த ரத்தம் சொட்டுகிற எழுத்து மட்டும் கீழே கொஞ்சம் தெரிந்தது.

தினமும் காலையில் வேலையாட்கள் எல்லோரும் என் முன்னால் வந்து நிற்பார்கள். முதலாளியே வந்து நெற்றியைக் காட்டினார். நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் எவனும் கொஞ்சம் குனிந்துதான் நிற்பான், நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

இனி தேவநாதன். கெடார் ஊர்க்காரன். ஊரில் நிலம் இருக்கிறது, உழவும் பார்ப்பான், எங்கள் பூங்காவில் ஃபிட்டர் வேலையும் பார்ப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் சரியில்லை. மாஸ்க்கை எப்போதும் தாடைக்குக் கீழே தொங்க விட்டிருப்பான். "தாடிக்கு கொரோனா வராம இருக்கட்டும்டா," என்பான். அவனுக்கு ஆஸ்துமா உண்டு, அதனால் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறதாம். டாக்டர் சீட்டு கொண்டுவா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ராட்டினத்தை ஓட்டுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நட்டு போல்ட்டெல்லாம் பார்த்து முடித்ததும், கண்ணாடி கிளாசில் தளும்பத் தளும்ப டீ வாங்கிக்கொண்டு ராட்டினத்தில் ஏறுவான். மூன்று சுற்று. டீ ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கினால் அந்த டீயைக் குடித்துவிட்டுக் கையைத் தூக்குவான். அதற்கப்புறம்தான் கவுன்ட்டரில் ஜெசிந்தா ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிப்பாள். சிந்திவிட்டால் அன்று ராட்டினம் கிடையாது. எந்தத் தாளிலும் இல்லாத சட்டம். ஆனால் பதினோரு வருடத்தில் அதை மீறி ராட்டினம் ஒரு நாளும் ஓடியதில்லை.

நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்து ராட்டினத்தை ஒரு ராத்திரி முழுக்கப் போட்டு ஆட்டிவிட்டுப் போனது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு அவன் டீயோடு ஏறினான். நாங்கள் எட்டு ஒன்பது பேர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது சுற்றிலேயே டீ பாதி சட்டையில். இறங்கி வந்து சட்டையைப் பிழிந்தான்.

"நடு ஷாஃப்டு ஆடுது. பேரிங் போயிருக்கும். கோயம்புத்தூருலருந்து வரணும், பத்து நாளாவும்."

"நாளைக்குத் தொறப்புடா," என்றேன்.

"தொற. யாரு வேணான்னது? ராட்டினத்த மட்டும் கட்டிப் போடு."

"எல்லாம் நல்லா இருக்குதுன்னு தாளுல கையெழுத்துப் போட்டாச்சு."

"எவன் போட்டான்?"

"நான்தான்."

போட்டது உண்மை. பத்து வரி இருந்த தாள். கை கழுவும் இடம் உண்டா, வட்டம் வரைந்தாயிற்றா என்று ஒன்பது வரி என்னுடையது. பத்தாவது வரி, 'விளையாட்டுச் சாதனங்கள் அனைத்தும் பரிசோதிக்கப்பட்டுப் பாதுகாப்பான நிலையில் உள்ளன.' அது அவன் போட வேண்டிய கையெழுத்து. ஒன்பது கையெழுத்து வரிசையாக அழகாக இறங்கி வந்தபோது பத்தாவது மட்டும் காலியாக இருப்பது கண்ணுக்கு நன்றாக இல்லை. அதையும் நானே போட்டுவிட்டேன். கீழே சீலும் குத்திவிட்டேன்.

தேவநாதன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏன்டா, நீ மூஞ்சிக்கு துணி கட்டிக்கினு வர்றானான்னு பாக்குற ஆளு. பேரிங்கு வந்து உன் தாள படிக்கப் போவுதா? பேயிக்கு எவன்டா பேனா குடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். மாஸ்க் போட்டிருந்தாள், கண்ணில் தெரிந்தது. எனக்குக் கோபமே வரவில்லை சார். இதை நன்றாகத் தெரிகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாக யோசித்தேன். காலையில் இவன் எல்லோர் முன்னாலும் மறுபடி டீயோடு ஏறுவான், மறுபடி சிந்தும். அப்போது அந்தத் தாளில் இருக்கிற பத்தாவது கையெழுத்து பொய்யாகும். ஒன்று பொய் என்றால் மற்ற ஒன்பதையும் யார் நம்புவார்கள்? பாதுகாப்பு என்பதே நம்பிக்கையில் நிற்கிற விஷயம். ஆகவே அவன் காலையில் ராட்டினத்தில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் என் முடிவு. அதற்கு மேல் அன்றைக்கு நான் எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் எட்டே முக்காலுக்கு வேலையாட்கள் வரிசையில் நின்றார்கள். தேவநாதன் கடைசி வட்டத்தில், டீ கிளாசோடு. பேசிப் பேசி டீ ஆறிவிட்டிருந்தது. அவன் முறை வந்தது, நெற்றியை நீட்டினான். நான் துப்பாக்கியைத் திருப்பி ஜெசிந்தாவிடம் காட்டினேன். அவள்தான் பதிவேட்டில் எழுதுகிறவள்.

"நூத்தியொண்ணு புள்ளி நாலு," என்று வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் இரண்டு வட்டம் தள்ளிப் போய்விட்டாள். நேற்று அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் எல்லோரும் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அந்த வட்டங்களின் அருமை அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவன் நெற்றியை நீட்டியபோது நான் பொத்தானை அமுக்கவில்லை. ஒரு நொடி முன்னாலேயே அமுக்கிவிட்டேன், அவன் கையில் இருந்த கிளாசைப் பார்த்து. நூற்றியொன்று புள்ளி நான்கு என்பது டீயின் காய்ச்சல்.

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவன் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. கிளாசைத் தரையில் வைத்தான். தாடையில் தொங்கிய மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டான். பதினோரு வருடத்தில் அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு நாளா இருமல் இருந்துச்சுடா. ஆஸ்துமான்னு நெனச்சிக்கினு இருந்தன்," என்றான். "காலையில வெண்ணிலாவ மடில வச்சிக்கினு இட்லி ஊட்டிட்டு வந்தன்."

வெண்ணிலா அவன் மகள். ஐந்து வயது.

"பயப்படாத," என்றேன். "ஆம்புலன்ஸ்க்கு சொல்றேன். அதுவரைக்கும் ரூம்ல இரு."

அவனேதான் நடந்து போனான். நான் பிடித்துத் தள்ளவில்லை. ஆறடி தள்ளி வா, ஆறடி தள்ளி வா என்று எனக்குச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். போனைத் தட்டில் போடச் சொன்னேன், மருந்து தெளித்துத் தருவதாக. போட்டான். டூல்பாக்ஸை வாசலிலேயே வைத்தான். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்ததும் அவன் சொன்னது இதுதான்:

"கதவ நல்லா சாத்துடா. காத்து வெளிய வரக் கூடாது."

சாத்தினேன். பேய் வீட்டுக்கு ஒரே கதவு, இரும்புத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வெளியே போகிற கதவு ஒன்று இருந்தது, லாக்டவுனில் பெருச்சாளித் தொல்லை என்று ஆணி அடித்துவிட்டோம். ஜன்னல் கிடையாது. பேய் வீட்டுக்கு எதற்கு ஜன்னல்? ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லாதவனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் உண்மையில் தேவைப்படுகிற இன்னொருவருக்கு அது கிடைக்காமல் போகும்.

ஒன்பதரைக்கு ரிப்பன் வெட்டி, பூசணிக்காய் உடைத்துத் திறந்தோம். கூட்டம் நன்றாகவே வந்தது. எல்லோர் நெற்றியையும் நானே பார்த்தேன். கெட்டிக்காரத்தனமாக மூக்குக்குக் கீழே மாஸ்க் போட்டவர்களை எல்லாம் நிறுத்தி மேலே ஏற்றவைத்தேன். ராட்டினத்தை மட்டும் பன்னிரண்டு மணிக்கு மேல் ஓட்டலாம் என்று வைத்திருந்தேன். முதல் சுற்று நானே ஏறுவதாக ஜெசிந்தாவிடம் சொன்னேன். டீ இல்லாமல்.

தனிமை அறையை ஒரு நாளைக்கு மூன்று முறை மருந்தடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மணி பதினொன்று, இரண்டு, ஐந்து. அந்த அட்டவணை நான் போட்டது, ஆனால் திறப்புக்கு நான்கு நாள் முன்னாலேயே போட்டது. உள்ளே ஒரு ஆளை வைத்து அடிக்கும் யோசனை அப்போது என்னிடம் இல்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். பேய் வீட்டில் ஏற்கெனவே புகை மெஷின் ஒன்று இருந்தது. அதில் புகைத் தைலத்துக்குப் பதிலாகக் கிருமி மருந்தை ஊற்றி வைத்திருந்தேன். சுவிட்ச் வெளியே. ஆள் உள்ளே போகாமலே அறை முழுக்க மருந்து பரவிவிடும். முதலாளி இதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மருந்து டப்பாவில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது, 'ஆளில்லாத அறைக்கு மட்டும்' என்று. படிக்கத் தெரியாதவர்களுக்காக, குறுக்கே கோடு போட்ட மனிதப் படமும் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும்.

பதினோரு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டேன்.

முதலில் இருமல் கேட்டது. அப்புறம் கதவில் குத்தும் சத்தம். "டேய், இன்னாத்தடா உள்ள வுட்ற? நிறுத்துடா," என்றான். பிறகு தன் மூச்சுப் பம்பு டூல்பாக்ஸில் இருப்பதாகவும் அதை எடுத்துக் கொடுக்கும்படியும் சொன்னான். இன்னும் ஏதோ சொன்னான். நான் டூல்பாக்ஸைத் திறந்து பம்பை எடுத்தேன். ஆனால் வெளிப் பொருள் எதுவும் தனிமை அறைக்குள் போகக் கூடாது என்று நானே எழுதி ஒட்டின தாள் அந்தக் கதவில்தான் இருந்தது. பம்பை ஒரு கவரில் போட்டு, கவர்மேல் பொருளின் பெயரையும் நேரத்தையும் எழுதினேன். 11.08. வருகிறவர்கள் தவறவிட்ட கண்ணாடி, கொலுசு எல்லாம் போட்டு வைக்கிற பெட்டியில் அதையும் போட்டேன்.

கதவைக் குத்துகிற சத்தம் டிராகன் ரயில் வரைக்கும் கேட்டது. குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் பேய் வீட்டின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். பழைய பென் டிரைவ்தான், அலறல், சங்கிலிச் சத்தம், பெண் பேய் சிரிப்பு. சிறிது நேரத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்தது. ஒரு அப்பா தன் பிள்ளையிடம், "பாத்தியா, கதவு எப்பிடி ஆடுதுன்னு. சூப்பரா பண்ணிக்கிறாங்க," என்றார். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. நான் பேயாக இருந்த காலத்தில் ஒருவரும் இவ்வளவு ரசித்ததில்லை. கிட்டே வரக் கூடாது, ஆறடி என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு முதலாளி போன் செய்தார்.

"இன்னாப்பா, கூட்டம் எப்பிடி? ராட்டினத்த ஓட்டிடாத. தேவா நேத்து சாயங்காலமே போன் பண்ணி சொல்லிட்டான். கோயம்புத்தூருக்கு சொல்லியாச்சு. ஒரு டார்ப்பாய கட்டி வுட்டுடு."

"சார், அந்தத் தாள்ல கையெழுத்து..."

"அது கெடக்குது. வேற தாள் போட்டுக்கலாம். ஆமா, அவனுக்கு இன்னாமோ ஜொரம்னு ஜெசிந்தா சொல்லிச்சே?"

"தனியா வச்சிருக்கேன் சார். பாத்துக்கறேன்."

"பாத்துக்க. நல்ல ஆளுப்பா அவன்."

நான் போய் டார்ப்பாயைக் கட்டினேன். ஒரு மணிக்கு ஜெசிந்தா கேன்டீனிலிருந்து தேவநாதனுக்கு என்று எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். அவனுக்குப் பசியில்லையாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது, நானே சாப்பிட்டேன். இரண்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். ஐந்து மணிக்கும் போட்டேன். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் எடுத்து வைத்திருப்பது அந்தப் பதிவேடுதான். மூன்று கையெழுத்தும் என்னுடையவை.

ஐந்தேகாலுக்குப் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். கதவை ஒட்டியே கிடந்தான்.

அதற்கப்புறம் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காலையில் நூற்றியொன்று புள்ளி நான்கு என்று ஜெசிந்தாவின் எழுத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் வரும்போதே உயிரில்லை என்றார்கள், பரிசோதனைக்கு எடுத்தார்கள், முடிவு வரும்வரை சந்தேகம்தான் என்று பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். உடம்பில் மருந்து வாசனை வந்தது. அந்த வருடம் யார் மேல்தான் அந்த வாசனை வரவில்லை? சுடுகாட்டில் அவன் மனைவி பாஞ்சாலியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். குழந்தையை யாரோ ஒரு உறவுக்காரர் தூக்கி வைத்திருந்தார்.

பாஞ்சாலி என்னிடம் வந்தாள். "கடைசியா எதனா சொன்னாராண்ணா?" என்றாள்.

"உங்களையும் பாப்பாவையும்தாம்மா கேட்டுக்கினே இருந்தான்," என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அதுவும் பொய்யில்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கொரோனா இல்லை. டெஸ்ட்டே சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் பேசினேன். முதலாளி பூங்கா வாசலில் தேவநாதன் படத்தைப் பெரிதாக வைத்து, முன்களப் பணியாளர் என்று எழுதி, மாலை போட்டார். பாதுகாப்பாக நடத்தியதற்காக எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். திறப்பு நாளில் வந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட எங்கள் பூங்காவால் கொரோனா வரவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

பாஞ்சாலிதான் விடவில்லை. டூல்பாக்ஸை வாங்கிப் போக வந்தவள் பம்பு எங்கே என்று கேட்டாள். பம்பு இல்லாமல் அவன் கழிவறைக்குக்கூடப் போக மாட்டானாம். ஜெசிந்தா தேடிப் பார்த்து, தவறவிட்ட பொருள் பெட்டியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். மேலே என் கையெழுத்தில் பொருள், தேதி, நேரம். பதினொன்று எட்டுக்கு அவன் உள்ளே இருந்தான், பம்பு வெளியே இருந்தது. அவள் அதிகம் படிக்காதவள், ஆனால் மணி பார்க்கத் தெரியும். இரண்டு முறை மனு கொடுத்தாள் என்றார்கள். அந்தக் கவரில் நான் நேரம் எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்கு அப்படி அரைகுறையாக வேலை செய்து பழக்கமில்லை.

நீங்கள் இப்போது கேட்டது நியாயமான கேள்விதான். பதினொன்று நாற்பதுக்கு முதலாளி ராட்டினம் வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்தும் போகட்டும் என்றுவிட்டார். அப்போதும் அவன் உயிரோடுதான் இருந்தான். கதவைத் திறந்து, துப்பாக்கி தப்பாகக் காட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாலு நாள் திட்டியிருப்பான், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு மணிக்கு ஏன் போட்டாய் என்கிறீர்கள்.

அட்டவணையில் இருந்தது சார்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்க்கிறீர்கள். சரி, அட்டவணை இல்லை. எனக்கு அன்றைக்கு முந்தின நாள் ராட்டினத்துக்குக் கீழே அவமானமாக இருந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். கோபம் இருந்தது, ஆனால் அதுகூடப் பதினொன்று நாற்பதில் பாதி தணிந்துவிட்டது. காரணம் வேறு.

பதினோரு மணிக்கு இன்னும் ஏதோ சொன்னான் என்றேன். முதலில் டேய் என்றான். கொஞ்சம் கழித்து, சவுரி, சவுரி என்றான். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. கதவின் அடியில் வாயை வைத்துச் சொல்லியிருப்பான் போல, கீழேயிருந்து வந்தது. "சார். கதவ தொறங்க சார். புள்ள இருக்குது சார்." என்னைத்தான் சார் என்றான். அங்கே வேறு யாரும் இல்லை. அவன் கேலிக்குச் சொல்கிறானா என்று காதை வைத்துக் கேட்டேன். கேலி இல்லை.

இரண்டு மணிக்கு அதை இன்னொரு முறை கேட்கத்தான் போனேன். சொன்னான். ஐந்து மணிக்கும் அதற்குத்தான் போனேன்.